தொலைச் சர்வரில் ஓடும் சம்பளச் செயலி: தோட்ட அலுவலகத்தின் சிரமங்களும் பாதுகாப்பும்

பதிவு 1 – தலைமைக் கிராணி, சுங்கை சிப்புட்

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட்டை அடுத்த ஒரு செம்பனைத் தோட்டத்தின் அலுவலகத்தில் நான் தலைமைக் கிராணியாக (எழுத்தராக) இருக்கிறேன். முன்பு சம்பளச் செயலி எங்கள் அலுவலகக் கணினியிலேயே இருந்தது. இப்போது நிர்வாகம் அதைக் கோலாலம்பூரில் உள்ள சர்வருக்கு மாற்றிவிட்டது. செயலி அங்கே ஓடுகிறது, அதன் சன்னல் மட்டும் ரிமோட்ஆப் என்ற விண்டோஸ் வசதியின் வழியாக எங்கள் திரையில் தெரிகிறது. கணினி கெட்டாலும் கணக்கு போகாது என்பதால் இந்த மாற்றம் நல்லது என்றே நினைக்கிறேன். ஆனால் அன்றாட வேலைதான் நடக்க மாட்டேன் என்கிறது.

பெரட்டு (காலை ஆள் கணக்கெடுப்பு) முடிந்ததும் மண்டோர்கள் (கங்காணிகள்) கொண்டுவரும் ஆள்கணக்கை நான் ஏற்றிக்கொண்டிருக்கும்போதே சன்னல் மறைந்துவிடுகிறது. திரும்ப நுழைந்தால் பாதி ஏற்றிய பக்கம் வேறு எங்கோ நிற்கிறது. சில காலைகளில் சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தும் கணக்கு முடக்கப்பட்டிருப்பதாகச் செய்தி வருகிறது. தலைமையகத்தில் யாராவது போனை எடுக்கும்வரை காத்திருக்க வேண்டும். குறுஞ்செய்தியில் வர வேண்டிய ஓடிபி என்ற ஒருமுறைக் கடவு எண், எங்கள் அலுவலகத்தில் சிக்னல் இல்லாததால் காலாவதியான பிறகே வருகிறது. அதற்காக இளைய கிராணி போனை எடுத்துக்கொண்டு, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா கொட்டகைப் பக்கம் போய் நிற்கிறார்.

சேமநிதியும் சொக்சோ (சமூகப் பாதுகாப்பு) சந்தாவும் ஒவ்வொரு மாதமும் 15ஆம் தேதிக்குள் கட்டப்பட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். 2025 அக்டோபர் சம்பளத்திலிருந்து அந்நியத் தொழிலாளர்களுக்கும் 2 விழுக்காடு சேமநிதி கட்ட வேண்டியிருப்பதால், எங்களைப் போன்ற தோட்டங்களில் ஏற்ற வேண்டிய பெயர்கள் கூடிவிட்டன. இப்படி இருக்கும்போது, நிர்வாகத்திடம் எதைக் கேட்டால் பாதுகாப்பையும் குறைக்காமல் வேலையையும் நடத்தலாம் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

பதிவு 2 – கணினிப் பணி, ஈப்போ

அக்கா, வணக்கம். இரண்டு கேள்விகள். அந்தச் சர்வரில் உங்கள் அலுவலகத்தில் எத்தனை பேர் நுழைகிறீர்கள், எத்தனை கணக்குகள் கொடுத்திருக்கிறார்கள்? நுழைவதற்கு இணையதளம் போன்ற முகவரி இருக்கிறதா, அல்லது வெறும் எண்களும் கடைசியில் 3389 என்பதும் இருக்கின்றனவா?

பதிவு 3 – தலைமைக் கிராணி, சுங்கை சிப்புட்

நான், இளைய கிராணி, இரண்டாவது டிவிஷன் அலுவலகத்தில் ஒருவர் ஆகிய மூன்று பேரும் ஒரே கணக்கில்தான் நுழைகிறோம், தம்பி. உரிமத்துக்குச் செலவாகும் என்று ஒன்றுதான் கொடுத்தார்கள். முகவரி எண்களாகத்தான் இருக்கிறது. கடைசியில் நீங்கள் சொன்ன 3389 உள்ளது. கடவுச்சொல்லைத் திரைக்குக் கீழே ஒட்டி வைத்திருக்கிறோம், ஏனென்றால் அதை 30 நாளுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள்.

பதிவு 4 – கணினிப் பணி, ஈப்போ

நன்றி, அக்கா. நீங்கள் தனித்தனியாகச் சொன்ன சிரமங்களில் இரண்டுக்கு இந்தப் பதிலிலேயே காரணம் இருக்கிறது.

சன்னல் மறைவதற்கு இணைய வேகம் காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. விண்டோஸ் சர்வரில் ஒரு பயனருக்கு ஒரே அமர்வு (அவர் நுழைந்ததும் அவருக்காகச் சர்வரில் ஓடத் தொடங்கும் வேலை) என்ற கட்டுப்பாடு இயல்பாகவே இயங்கிக்கொண்டிருக்கும். ஒரே பெயரில் இரண்டாமவர் நுழைந்தால் சர்வர் அவருக்குப் புதிய அமர்வைத் திறக்காமல், ஓடிக்கொண்டிருக்கும் அமர்வை அப்படியே அவருடைய திரைக்கு மாற்றிவிடும். டிவிஷன் அலுவலகத்தில் இருப்பவர் நுழைந்த நொடியில் உங்கள் திரை போகிறது, நீங்கள் பாதி ஏற்றிய பக்கம் அவருக்குத் தெரிகிறது. நீங்கள் திரும்ப நுழைந்தால் அவர் வெளியே தள்ளப்படுகிறார். பக்கம் வேறு எங்கோ நிற்பதற்கும் இதுவே காரணமாக இருக்க வேண்டும். உங்கள் திரை போகும் நேரத்தையும் அவர் நுழையும் நேரத்தையும் ஒரு நாள் ஒப்பிட்டுப் பார்த்தால் உறுதியாகிவிடும்.

காலையில் கணக்கு முடங்குவதற்குக் காரணம் அந்த 3389. தொலைவில் உள்ள கணினியை இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப் வழக்கமாகக் கேட்கும் போர்ட் எண், அதாவது சர்வரின் வாசல் எண் அது. அதை இணையத்துக்கு நேராகத் திறந்து வைத்தால், உலகெங்கும் உள்ள தானியங்கி நிரல்கள் இரவெல்லாம் கடவுச்சொற்களை முயன்று பார்த்துக்கொண்டே இருக்கும். குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் தவறினால் கணக்கை முடக்கு என்பது சர்வரின் விதி. முயல்பவர் அந்நியர், முடங்குவது உங்கள் கணக்கு. பயனர் பெயராகத் தோட்டத்தின் பெயரையோ ‘அட்மின்’ என்பதையோ வைத்திருந்தால் அவர்களுக்கு வேலை இன்னும் எளிது. போர்ட் எண்ணை மாற்றுவதால் பெரிய பயனில்லை, மற்ற எண்களையும் அவர்கள் தேடிப் பார்ப்பார்கள்.

இந்த வாசல் திறந்திருப்பதன் ஆபத்து முடக்கத்தோடு முடிவதில்லை. 2019 மே மாதம் ‘புளூகீப்’ என்ற ஓட்டை வெளியானபோது, பழைய விண்டோஸ்களில் கடவுச்சொல்லே இல்லாமல் இந்த வாசல் வழியாக நுழைய முடிந்தது. ஆதரவு முடிந்துபோன விண்டோஸ் எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாஃப்ட் அப்போது திருத்தம் வெளியிட்டது என்றால், அது எவ்வளவு கடுமையானது என்று புரியும்.

ஆகவே முதலில் கேட்க வேண்டியவை இவை: ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு, 3389 மூடப்பட்டு, அதற்கு முன்னால் ஒரு கேட்வே. கேட்வே என்பது 443 என்ற வழக்கமான பாதுகாப்பு இணைய வழியில் வந்து, ஆளை உறுதிப்படுத்திய பிறகே உள்ளே இருக்கும் சர்வரைக் காட்டும் இடைச் சர்வர். விண்டோஸிலேயே அது உண்டு. பிரௌசர் வழியாகவே திறக்க வேண்டுமென்றால் அப்பாச்சி குவாக்கமோலி என்ற இலவச மென்பொருளும் உண்டு. உரிமச் செலவைப் பொறுத்தவரை, ஒரே கணினியைப் பலர் மாறி மாறிப் பயன்படுத்தும் இடங்களில் ஆளுக்கு ஒரு உரிமம் என்பதற்குப் பதிலாகக் கருவிக்கு ஒரு உரிமம் என்ற வகையை வாங்கலாம். கணக்குகள் எத்தனை இருந்தாலும் அந்தக் கணினிக்கு ஒரு உரிமம் போதும். ஒரே பெயரைப் பலர் பகிர்ந்துகொள்வது உரிம விதிக்கும் பொருந்தாது.

பதிவு 5 – கணக்காய்வாளர், தைப்பிங்

தம்பி சொன்ன தனிக் கணக்கு யோசனையை முழுமனதாக ஆதரிக்கிறேன். யார் எந்தத் தொகையை மாற்றினார் என்று தெரியாத சம்பளப் பட்டியலில் எந்தக் கணக்காய்வாளரும் மனநிறைவோடு கையெழுத்திட முடியாது. ஆனால் இந்த இழையின் போக்கில் எனக்கு ஒரு கவலை இருக்கிறது. வசதி என்று கேட்கத் தொடங்கினால், அடுத்து கடவுச்சொல்லை மாற்ற வேண்டாம் என்பார்கள், பிறகு கணினி நினைவில் வைத்துக்கொள்ளட்டும் என்பார்கள், கடைசியில் ஓடிபியே வேண்டாம் என்பார்கள். சம்பளக் கணக்கில் தொழிலாளரின் பாஸ்போர்ட் எண்ணிலிருந்து வங்கிக் கணக்கு வரை எல்லாம் இருக்கிறது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் திருத்தப்படி, 2025 ஜூன் 1 முதல் தரவு கசிந்தால் 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்கு அறிவிக்க வேண்டும். இந்தப் பொறுப்பு இருக்கும்போது, பத்து நிமிடம் கை வைக்காவிட்டால் வெளியேற்றுவதும் மாதந்தோறும் கடவுச்சொல் மாற்றுவதும் சிரமமாக இருந்தாலும் தேவையானவை என்பதே என் கருத்து.

பதிவு 6 – வலையமைப்புப் பொறியாளர், பினாங்கு

ஐயாவின் கவலை நியாயமானது. பொறுப்பைப் பற்றி அவர் சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை; ஆனால் அவர் சொன்ன இரண்டு வழிகளும் அந்தப் பொறுப்பைக் காக்கின்றனவா என்பதில் இருக்கிறது.

மாதந்தோறும் கடவுச்சொல் மாற்றச் சொன்னதன் விளைவு முதல் பக்கத்திலேயே, அக்காவின் திரைக்குக் கீழே ஒட்டப்பட்டிருக்கிறது. மனிதர் அப்படித்தான் செய்வார், அது அவருடைய குற்றமல்ல. அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட், 2017இல் வெளியிட்ட வழிகாட்டியில், கடவுச்சொல் கசிந்ததற்கு அடையாளம் இல்லாமல் காலக்கெடு வைத்து மாற்றச் சொல்லக் கூடாது என்று பரிந்துரைத்தது. அடிக்கடி மாற்றச் சொன்னால் கடைசி எண்ணை மட்டும் கூட்டி எழுதுவார்கள் என்பது அலுவலகங்களில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். நீளமான ஒரு கடவுச்சொல்லும், அதற்கு மேல் ஓடிபி போன்ற இரண்டாவது உறுதிப்பாடும் இருந்தால், தாளில் எழுத வேண்டிய தேவையே போய்விடும்.

அந்த இரண்டாவது உறுதிப்பாட்டை மட்டும் யாருக்காகவும் விட்டுக்கொடுக்கக் கூடாது. 2024 பிப்ரவரியில் மருத்துவக் கட்டணங்களைக் கையாளும், அமெரிக்காவின் சேஞ்ச் ஹெல்த்கேர் நிறுவனத்தில் நடந்ததைப் பாருங்கள். நாம் பேசிக்கொண்டிருக்கும் அதே வகையான, தொலைவிலிருந்து செயலிகளைத் திறக்கும் சிட்ரிக்ஸ் வாசல் ஒன்றில் திருடிய கடவுச்சொல்லோடு நுழைந்தார்கள். அந்த வாசலில் இரண்டாவது உறுதிப்பாடு இல்லை. ஒன்பது நாள் உள்ளேயே இருந்துவிட்டு, பிறகு எல்லாவற்றையும் பூட்டிப் பணம் கேட்டார்கள். நாடு முழுவதும் மருந்துக் கடைகளும் மருத்துவமனைகளும் தடுமாறின. தாய் நிறுவனத்தின் தலைவரே அந்த மே மாதம் நாடாளுமன்றக் குழுவின் முன் இந்தக் குறையை ஒப்புக்கொண்டார். 2021 மே மாதத்தில் கலோனியல் பைப்லைன் எண்ணெய்க் குழாய் நின்றதற்கும், யாரும் பயன்படுத்தாமல் கிடந்த ஒரு விபிஎன் (மறையாக்கிய தனி இணைய வழி) கணக்கும் அதன் கடவுச்சொல்லும்தான் வழிவிட்டன.

இனி, பத்து நிமிடத்தில் வெளியேற்றுவது. இதில் இரண்டு வேறுபட்ட செயல்களை ஒன்றாகக் கருதுகிறோம். திரையைப் பூட்டுவது ஒன்று, அமர்வையே முடித்துச் செயலியை மூடுவது இன்னொன்று. கிராணி, கவுண்டருக்கு வந்த தொழிலாளரிடம் பேசிவிட்டுத் திரும்புவதற்குள் அவருடைய பக்கமே அழிந்துபோனால், அடுத்த நாள் அவர் சுட்டியை அசைத்துக்கொண்டிருக்க ஒரு வழி தேடுவார். பத்து நிமிடத்தில் பூட்டுங்கள். விரலோ பின் எண்ணோ வைத்தால் அதே வரியில் திரும்ப வேண்டும். இணைப்பு அறுந்த அமர்வைச் சர்வர் இரண்டு மூன்று மணி நேரம் வைத்திருந்து பிறகு முடிக்கட்டும். வரம்பு எதையும் அமைக்காவிட்டால், இணைப்பு அறுந்த அமர்வு சர்வரில் கணக்கின்றிக் கிடக்கும். செயலி பிடித்து வைத்த பதிவுகளும் பூட்டியே இருக்கும். அதுவும் கூடாது.

அமர்வுகள் என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2023 அக்டோபரில் ‘சிட்ரிக்ஸ் பிளீட்’ என்ற ஓட்டை வெளிப்பட்டபோது, ஏற்கெனவே உறுதிப்படுத்தி நுழைந்தவர்களின் அமர்வு அடையாளமே சிட்ரிக்ஸ் கேட்வேயின் நினைவகத்திலிருந்து கசிந்தது. திருத்தத்தை நிறுவிய பிறகும், திருடிய அடையாளம் செல்லுபடியாகவே இருந்தது. திறந்திருந்த அமர்வுகளையெல்லாம் கையால் முடித்தவர்கள்தான் தப்பினார்கள். அங்கே கடவுச்சொல்லை எத்தனை முறை மாற்றியிருந்தாலும் பயனில்லை. ஆகவே கேட்வே வைப்பதோடு நிற்காமல், அதற்குத் திருத்தம் வந்தால் எத்தனை நாளில் நிறுவப்படும், அன்று அமர்வுகள் முடிக்கப்படுமா என்று நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்பது நல்லது.

பதிவு 7 – கணக்காய்வாளர், தைப்பிங்

பூட்டுவதும் முடிப்பதும் வேறு என்ற விளக்கத்தை ஏற்றுக்கொள்கிறேன். கடவுச்சொல் காலக்கெடுவையும், இரண்டாவது உறுதிப்பாடு உறுதியாக இருக்கும் பட்சத்தில், விட்டுவிடலாம். ஆனால் அது எப்படி உறுதியாகும்? குறுஞ்செய்தி வராத இடத்தில் இரண்டாவது உறுதிப்பாடு என்பது ஏட்டளவில்தானே இருக்கும்?

பதிவு 8 – கணினிப் பணி, ஈப்போ

ஐயா, குறுஞ்செய்தியை விட்டுவிட வேண்டும் என்பதே பதில். நம் நாட்டில் மத்திய வங்கியான பேங்க் நெகாராவே 2022 செப்டம்பரில், வங்கிகள் குறுஞ்செய்தி ஓடிபியை விட்டு வலுவான முறைகளுக்கு மாற வேண்டும் என்று அறிவித்துவிட்டது.

போனில் உள்ள ஆத்தென்டிகேட்டர் செயலி 30 நொடிக்கு ஒருமுறை மாற்றிக் காட்டும் ஆறு இலக்க எண்ணுக்குச் சிக்னலே தேவையில்லை. பதிவு செய்யும் நாளில் சர்வரும் போனும் ஒரு ரகசியத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. அதன் பிறகு அந்த ரகசியத்தையும் கடிகார நேரத்தையும் வைத்து இரண்டும் தனித்தனியே ஒரே எண்ணைக் கணக்கிடுகின்றன. போனின் நேரம் சரியாக இருந்தால் போதும். இளைய கிராணி ஆயா கொட்டகைக்கு நடக்க வேண்டியதில்லை.

“அனுமதிக்கவா?” என்று போனில் கேட்டு ஒரே தட்டில் ஒப்புதல் வாங்கும் முறைக்கு இணையம் தேவை. அதில் இன்னொரு ஆபத்தும் உண்டு: கடவுச்சொல்லைத் திருடியவன் விடாமல் கேள்வி அனுப்பிக்கொண்டே இருந்தால், தொல்லை தாங்காமல் ஒருவர் ஒப்புதல் கொடுத்துவிடுவார். 2022 செப்டம்பரில் ஊபர் நிறுவனத்துக்குள் இப்படித்தான் நுழைந்தார்கள். அதனால்தான் மைக்ரோசாஃப்ட் 2023 மே முதல், திரையில் தெரியும் எண்ணைப் போனில் எழுதினால்தான் ஒப்புதல் என்று கட்டாயமாக்கியது.

இவை எல்லாவற்றையும்விட எளிதும் உறுதியும் ஆனது யூஎஸ்பி வடிவப் பாதுகாப்புச் சாவி. செருகித் தொட்டால் போதும். போலித் தளத்தில் அது வேலையே செய்யாது, ஏனென்றால் தான் பதிவு செய்யப்பட்ட முகவரிக்கு மட்டுமே அது பதில் சொல்லும். சொந்தப் போனை அலுவலக வேலைக்குப் பயன்படுத்த விரும்பாதவர்களுக்கும் அதுவே பொருத்தம். ஆளுக்கு ஒன்றும், தொலைந்தால் எடுப்பதற்கு மேனேஜரின் இரும்புப் பெட்டியில் ஒன்றும் வேண்டும்.

பதிவு 9 – தலைமைக் கிராணி, சுங்கை சிப்புட்

நெஞ்சார்ந்த நன்றி. இன்னும் இரண்டு சிரமங்களைச் சொல்லாமல் விட்டிருந்தேன். சம்பளச் சீட்டை மூன்று பிரதித் தாளில் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் எடுக்கிறோம். செயலி சர்வருக்குப் போன பிறகு, ஒரு சீட்டு வருவதற்கே நேரம் பிடிக்கிறது. நாலைந்து சீட்டுக்குப் பிறகு எழுத்து கோட்டை விட்டு இறங்கிவிடுகிறது. அதனால் டிவிஷனில் உள்ளவர் பட்டியலையே தன் கணினிக்கு இறக்கி, வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பி, நான் இங்கே அச்சடிக்கிறேன். இது சரியல்ல என்று எனக்கே தெரிகிறது. இரண்டாவது, தொழிலாளர் பெயர்களைத் தமிழிலும் பதிவதற்கு ஒரு கட்டம் இருக்கிறது. என் கணினியில் முரசு அஞ்சல் என்ற தமிழ் எழுத்து மென்பொருள் இருந்தும் அந்தச் சன்னலில் தமிழ் சரியாக விழவில்லை.

பதிவு 10 – கணினிப் பணி, ஈப்போ

அக்கா, இந்த இழையில் வந்த பாதுகாப்புச் செய்திகளிலேயே பெரியது இந்த பிரிண்டர்தான் என்பேன். கேட்வே, சாவி என்று எவ்வளவு வைத்தாலும், அச்சு சரியாக வராத ஒரே காரணத்தால் எல்லோருடைய சம்பளப் பட்டியலும் இரண்டு போன்களில் நிரந்தரமாகத் தங்கிவிட்டது.

காரணம் இதுதான். விண்டோஸ் சர்வர் 2008 முதல், தொலைவில் உள்ள பிரிண்டருக்கு ‘ஈஸி பிரிண்ட்’ என்ற பொதுவான டிரைவரை (பிரிண்டரை இயக்கும் மென்பொருளை) முதலில் பயன்படுத்தும். அது பக்கத்தை வரைபடமாக மாற்றி அனுப்பும். லேசருக்கு அது நன்றாக வரும். ஊசியால் எழுத்து எழுத்தாக அடிக்கும் டாட் மேட்ரிக்ஸோ ஒவ்வொரு எழுத்தையும் புள்ளி புள்ளியாக வரைய வேண்டியதாகிறது, அதனால் தாமதம். தாளின் உயரம் ஏ4 என்று போவதால் ஒவ்வொரு சீட்டிலும் சிறிது விலகி, நாலைந்தில் கோடு தப்புகிறது. தீர்வு: உங்கள் பிரிண்டரின் சொந்த டிரைவரையோ வெறும் எழுத்துகளை மட்டும் அனுப்பும் ஜெனரிக் டிரைவரையோ சர்வரில் நிறுவி, ஈஸி பிரிண்டை முதலில் பயன்படுத்தும் விதியை நிறுத்தி, சீட்டின் சரியான உயரத்தில் ஒரு தாள் அளவை அங்கே உருவாக்க வேண்டும். அது நடந்த பிறகு, சர்வரிலிருந்து கோப்பை உங்கள் கணினிக்கு இறக்கும் வசதியையும் நகலெடுத்து ஒட்டும் வசதியையும் மூடச் சொல்லுங்கள். இந்த வரிசையை மாற்றக் கூடாது. அச்சைச் சரிசெய்யாமல் இறக்குவதை மூடினால், அடுத்து திரையைப் போனில் படம் பிடிப்பார்கள்.

தமிழைப் பொறுத்தவரை, ரிமோட் டெஸ்க்டாப் பெரும்பாலும் நீங்கள் தட்டிய விசையைத்தான் அனுப்புகிறது. உருவான எழுத்தை அனுப்புவதில்லை. அந்த விசை எந்த எழுத்து என்று முடிவு செய்வது சர்வரில் உள்ள விசைப்பலகை அமைப்பு. ஆகவே தமிழ் உள்ளீடு சர்வரில் இருக்க வேண்டும். விண்டோஸின் தமிழ் விசைப்பலகைகளை அங்கே சேர்த்தால் போதும். நீங்கள் பயன்படுத்தும் விசை அமைப்பு தமிழ்99ஆ ஒலிபெயர்ப்பா என்பதை மட்டும் சொல்லிவிடுங்கள்.

பதிவு 11 – வலையமைப்புப் பொறியாளர், பினாங்கு

இதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். செயலியின் சன்னல் மட்டும் தெரிவதால் சர்வர் முழுவதும் பாதுகாப்பாக இருக்கிறது என்று பல நிர்வாகங்கள் நம்புகின்றன. அது வேலி அல்ல. செயலியில் ‘சேமி’ என்பதை அழுத்தினால் திறக்கும் கோப்புப் பெட்டியிலிருந்தே சர்வரின் மற்ற கோப்புறைகளுக்கும் நிரல்களுக்கும் போக வழி இருக்கும். எந்த நிரல்கள் ஓடலாம் என்ற பட்டியலை ஆப்லாக்கர் போன்ற ஒன்றால் சர்வரிலேயே கட்டுப்படுத்தினால்தான் அது வேலி.

பதிவு 12 – எடைமேடை, செம்பனை ஆலை

வணக்கம். நான் பேராக்கில் ஒரு ஆலையில் எடைமேடையில் இருக்கிறேன். எங்கள் எடைச் செயலியையும் இதே போலக் கோலாலம்பூருக்கு மாற்றப்போவதாகச் சொல்கிறார்கள். லோரிகள் வரிசையில் நிற்கும்போது திரை உறைந்துபோனால் என்ன செய்வது? மாலையில் இங்கே இணையம் மிகவும் மந்தமாகிறது. தூரம் அதிகம் என்பதால்தான் மந்தம் என்கிறார்கள்.

பதிவு 13 – வலையமைப்புப் பொறியாளர், பினாங்கு

ஐயா, தூரம் காரணமல்ல. கண்ணாடி இழையில் ஒளி ஒரு மில்லி நொடியில் ஏறக்குறைய 200 கிலோமீட்டர் போகும். பேராக்கிலிருந்து கோலாலம்பூருக்குப் போய்த் திரும்ப சில மில்லி நொடிகளே ஆகும். மாலையில் மந்தமாவதற்கு இரண்டு காரணங்களைப் பாருங்கள். ஒன்று, அந்நேரத்தில் கைப்பேசிக் கோபுரத்தைப் பகிர்ந்துகொள்ளும் வீட்டுப் பயனர்கள். மற்றொன்று, உங்கள் அலுவலகத்திலிருந்தே மேலேறும் சிசிடிவி படங்களும் புகைப்படங்களும். மேலேற்றும் வழி நிரம்பினால் ரவுட்டர் எல்லாவற்றையும் வரிசையில் நிறுத்திவைக்கும். நீங்கள் தட்டிய ஒற்றை விசையும் அந்தப் படங்களுக்குப் பின்னால் நிற்கும். கூடுதல் வேகம் வாங்குவதற்கு முன், சிறு தரவுப் பொட்டலங்களை முன்னால் விடும் வரிசை மேலாண்மை உள்ள ரவுட்டரை வைத்துப் பாருங்கள். விபிஎன் இருந்தால், அது, தொலைந்த பொட்டலத்துக்காகக் காத்திராத யூடிபி வழியில் ஓடுகிறதா என்றும் கேளுங்கள். தொலைந்ததைத் திரும்ப அனுப்பும் டிசிபி வழிக்குள் இன்னொரு டிசிபி ஓடினால், ஒரு பொட்டலம் தொலைந்தாலும் இரண்டு அடுக்கும் நின்று திரும்ப அனுப்பும்; திரை உறையும்.

ஆனால் எடைமேடை வேறு. லோரி நிற்கும் இடத்தில் எடை எடுப்பது இணையத்தை நம்பி இருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. எடையும் சீட்டும் உள்ளூர்க் கணினியில் பதிவாகி, தானாகக் கோலாலம்பூருக்கு ஏறட்டும். பார்வையிடுவதும் அறிக்கை எடுப்பதும் மட்டும் தொலைச் செயலியில் இருக்கட்டும். தொலைச் செயலி எல்லா வேலைக்கும் பொருந்தாது.

பதிவு 14 – தலைமைக் கிராணி, சுங்கை சிப்புட்

மேனேஜரிடம் பேசிவிட்டேன். தனிக் கணக்குகளும் கேட்வேயும் முதலில், அதே வாரத்தில் பிரிண்டரும் தமிழ் விசைப்பலகையும், பிறகு சாவிகள், அதன் பிறகே கோப்பு இறக்குவதை மூடுவது என்று தலைமையகத்துக்குக் கடிதம் எழுதச் சொல்லியிருக்கிறார். கணக்குகளின் பெயர்ப் பட்டியலை நான் கொடுக்க வேண்டும். அதில் ஐயா ஏதேனும் சேர்க்க வேண்டுமென்றால் சொல்லுங்கள்.

பதிவு 15 – கணக்காய்வாளர், தைப்பிங்

ஒன்றே ஒன்று, அம்மா. கிராணிகள் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றலாகிப் போவது வழக்கம். பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அவர் மாற்றலானால் கணக்கை மூடச் சொல்ல வேண்டியவர் யார் என்று ஒரு பத்தி வையுங்கள். மாற்றல் கடிதத்தின் பிரதி மேனேஜருக்குப் போகும் அன்றே கணக்கை மூடும் கோரிக்கையும் தலைமையகத்துக்குப் போக வேண்டும். வாட்ஸ்அப்பில் இதுவரை அனுப்பிய பட்டியல்களை இரண்டு போன்களிலிருந்தும், அவற்றின் கிளவுட் சேமிப்பிலிருந்தும் அழித்ததாக இருவரும் கையெழுத்திட்டு ஒரு குறிப்பைக் கோப்பில் சேர்த்துவிடுங்கள்.